ஊர்ப் பொது இடத்தில் நாட்டுப் பூச்செடித் தோட்டம்: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆவாரை, தும்பை, பூளை, கொழுஞ்சி எல்லாம் நம் பக்கத்துச் செம்மண்ணில் யாரும் கேட்காமலே முளைக்கிறவை. அவற்றை வளர்க்கப் பெரிய தோட்டக்கலை ஞானம் வேண்டாம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பொது இடத்தில் நீங்கள் வளர்க்கும் பூச்செடி உங்களுக்குத்தான் பூச்செடி. தூய்மைப் பணியாளருக்கு அது களை, ஜேசிபி ஓட்டுகிறவருக்குப் புதர், எதிர்வீட்டுக்காரருக்குப் பாம்பு அடையும் இடம். திருவிழாவுக்கோ அதிகாரி வருகைக்கோ ஊரைச் சுத்தம் செய்யும் நாளில் அரை மணி நேரத்தில் எல்லாம் போய்விடும். அதனால் இந்தக் கட்டுரையில் விதையைவிடக் காகிதத்தைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். நான் அலைந்து தெரிந்துகொண்டதை நீங்கள் உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துகொள்ளலாம்.

1. இடம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்

"அது சும்மா கிடக்கிற புறம்போக்குதானே" என்று ஊரில் சொல்வார்கள். அதை நம்பி மண்வெட்டியை எடுக்காதீர்கள். முதலில் சர்வே எண்ணைக் கண்டுபிடியுங்கள். எண் தெரிந்தால் அரசின் இ-சேவை இணையதளத்தில் அ-பதிவேடு (நிலம் யாருடையது, என்ன வகை என்று எழுதியிருக்கும் வருவாய்த் துறைப் பதிவேடு) விவரத்தைக் காசில்லாமல் பார்க்கலாம். எண் தெரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் இடத்தைக் காட்டிக் கேளுங்கள். பதிவேட்டில் என்ன வகைப்பாடு போட்டிருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் நீங்கள் ஏறவேண்டிய படி மாறும்.

ஊராட்சி வசம் உள்ள புறம்போக்கில் இருந்தால் ஊராட்சியோடு முடிந்துவிடும். இதுதான் சுலபம். ஏரிக்கரை என்றால் யார் ஏரி என்று கேளுங்கள்: 100 ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள சின்ன ஏரிகள் பொதுவாக ஊராட்சி ஒன்றியத்திடம் இருக்கும், பெரியவை நீர்வளத் துறையிடம். ஓடைப் புறம்போக்கில் கை வைக்காமல் இருப்பதே நல்லது. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கினால் பழி உங்கள் தோட்டத்தின் மேல் விழும். மேய்க்கால் புறம்போக்கில் ஆடு மாடு வைத்திருப்பவர்களோடு சண்டை நிச்சயம். பெரிய சாலைகளின் ஓரம் நெடுஞ்சாலைத் துறையுடையது. 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஓரம் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அங்கே ஆசைப்படாதீர்கள்.

இன்னொரு நல்ல இடம் உண்டு, பலருக்கு அது நினைவுக்கு வராது. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி சுற்றி மனைப்பிரிவு போட்டவர்கள் பூங்காவுக்கென்று ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்த நிலம். பெரும்பாலும் பார்த்தீனியக் களை மண்டிக் கிடக்கும். பூங்கா என்றே பெயர் இருப்பதால் உங்கள் கோரிக்கைக்கு எதிர்ப்பு குறைவாக இருக்கும்.

2. ஐந்து சென்ட்டுக்கு மேல் கேட்காதீர்கள்

5 சென்ட் என்றால் ஏறக்குறைய 2,180 சதுர அடி. நாலைந்து பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் களை எடுத்துச் சமாளிக்கக்கூடிய அளவு அதுதான். அரை ஏக்கர் கேட்டால் இரண்டு தொல்லை: ஒன்று, மழை பெய்த பதினைந்தாம் நாள் களை உங்களைத் தோற்கடிக்கும். இரண்டு, "இவன் எதுக்கு இவ்வளவு இடத்த வளைக்கிறான்" என்ற பேச்சு கிளம்பும்.

இரண்டாவதுதான் பெரியது. பொது நிலத்தில் வேலி போடும் யாரையும் ஊர் சந்தேகமாகத்தான் பார்க்கும், அதில் தப்பும் இல்லை. ஆகவே சிமெண்ட் திண்ணை, கொட்டகை, சிலை, சூலம், கட்சிக்கொடி எதுவும் உள்ளே வரக்கூடாது. யார் பெயரையும் தோட்டத்துக்கு வைக்காதீர்கள், உங்கள் தாத்தா பெயரையும்தான்.

3. கையில் வைத்திருக்க வேண்டிய காகிதங்கள்

- அ-பதிவேட்டு நகல், புலப்பட (அந்தச் சர்வே எண்ணின் அளவு வரைபடம்) நகல். புலப்படத்தில் உங்கள் 5 சென்ட் எந்த மூலையில் வருகிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.
- ஒரு பக்க மனு. அதற்கு மேல் யாரும் படிப்பதில்லை.
- செடிகளின் பட்டியல், தமிழ்ப் பெயரில். மனுவோடு இணைக்க வேண்டும். எதற்கென்று நான்காம் படியில் சொல்கிறேன்.
- இடத்தின் இப்போதைய நிலையைக் காட்டும் நாலு புகைப்படம், தேதியோடு. குப்பை கிடந்தால் அது தெரிகிற மாதிரி எடுங்கள்.
- பக்கத்து வீடுகள், கடைகளின் கையெழுத்து. எத்தனை என்பதைவிட யார் என்பது முக்கியம். இடத்தை ஒட்டியிருக்கும் வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாமல் போகாதீர்கள்.
- பராமரிப்பு உறுதிக் கடிதம்: செலவு எங்களுடையது, நிலத்தில் எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை, ஊராட்சி கேட்டால் திருப்பித் தருவோம் என்று மூன்று வரி. குறைந்தது மூன்று பேர் கையெழுத்து.

எல்லாவற்றையும் இரண்டு செட்டாக எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்து, இன்னொன்றில் தேதியோடு முத்திரையும் கையொப்பமும் வாங்குங்கள். "வெச்சிட்டுப் போங்க, பாக்கலாம்" என்று சொன்னால், சிரித்துக்கொண்டே நின்று ஒப்புகை வாங்கிவிட்டுத்தான் வெளியே வரவேண்டும்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் நேரே மனு கொடுத்துவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கொடுக்கலாம். அந்த மனு அங்கிருந்து வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து உங்கள் ஊராட்சிக்கே வந்து சேரும். ஊராட்சிக்காரர்களுக்கு உங்கள் மேல் ஒரு மனத்தாங்கல் மட்டும் கூடுதலாகக் கிடைத்திருக்கும். கீழிருந்தே தொடங்குங்கள். கீழே கதவு அடைத்தால் அப்போது மேலே போகலாம்.

4. கிராம சபையில் தீர்மானம்: அதில் ஒரு வரியைத் தவற விடாதீர்கள்

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தேர்தல் நடத்தை விதி அமலில் இருந்தால் கூட்டம் தள்ளிப்போகும், அதையும் கணக்கில் வையுங்கள்.

விதைப்புக் காலம் ஆடி, ஆவணி. அப்படியென்றால் மார்ச் 22 கூட்டத்தில் தீர்மானம் வந்துவிடுவதுதான் உத்தமம், மே 1 பரவாயில்லை. ஆகஸ்ட் 15-ல் கிடைத்தாலும் ஓடிப்பிடித்து விதைத்துவிடலாம். அக்டோபர் 2 என்றால் அந்த ஆண்டு விதைக்கவே வேண்டாம், களையை ஒழிக்க மட்டும் அந்த மழையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே தலைவரையும் ஊராட்சிச் செயலரையும் பாருங்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலமென்றால் தனி அலுவலரைப் பார்க்க வேண்டும். பொருள் பட்டியலில் உங்கள் விஷயம் ஏறியிருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். கூட்டத்தில் திடீரென்று எழுந்து பேசினால் "பரிசீலிக்கப்படும்" என்று எழுதி முடித்துவிடுவார்கள்.

தீர்மான வாசகத்தை நீங்களே எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். செயலருக்கு வேலை மிச்சம், உங்களுக்கும் நல்லது. இப்படி இருக்கலாம்:

"சர்வே எண் … -ல் உள்ள ஊராட்சிப் புறம்போக்கில் 5 சென்ட் பரப்பில் இணைப்பில் கண்ட நாட்டுப் பூச்செடிகளைக் கொண்டு தோட்டம் அமைக்கவும், மனுதாரர்கள் சொந்தச் செலவில் பராமரிக்கவும், ஊராட்சியின் புதர் அகற்றும் பணியிலிருந்து இவ்விடத்திற்கு விலக்கு அளிக்கவும், நிலத்தின் உரிமை ஊராட்சியிடமே இருக்கும் என்ற நிபந்தனையின் பேரில் அனுமதித்துத் தீர்மானிக்கப்பட்டது."

புதர் அகற்றுவதிலிருந்து விலக்கு: அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு பாடும். "இணைப்பில் கண்ட செடிகள்" என்பதும் அதற்காகத்தான். எருக்கையும் தும்பையையும் பட்டியலில் பெயரோடு ஏற்றிவிட்டால், நாளைக்கு யாரும் "அது தானா மொளச்ச களைன்னு நெனச்சேன்" என்று சொல்லித் தப்ப முடியாது. "மரக்கன்று நடுதல்" என்ற தலைப்பில் மட்டும் தீர்மானத்தைப் போட விடாதீர்கள். அப்படிப் போட்டால் புங்கனும் வேம்பும் வந்து இறங்கும், அவை வளர்ந்து நிழல் கட்டினால் பூச்செடி நிற்காது.

சபையில் எதிர்ப்பு எப்படி வரும் என்றும் சொல்லிவிடுகிறேன். "எங்க கொல்லையில தானா மொளைக்குது, இதுக்கு எதுக்குக் கண்ணு பாத்தி?" என்று ஒரு பாட்டி கேட்பார். நியாயமான கேள்வி. பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூவும் பூளைப்பூவும் இப்போது எங்கே போய்ப் பறிக்கிறார்கள் என்று அவரிடமே திருப்பிக் கேளுங்கள். வீட்டுமனை பரவிய ஊர்களில் அதற்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் போகவேண்டியிருக்கிறது, இல்லையென்றால் சந்தையில் காசு கொடுத்து வாங்கவேண்டியிருக்கிறது. இந்த ஒரு பேச்சில் பெண்கள் உங்கள் பக்கம் வந்துவிடுவார்கள். பட்டாம்பூச்சி, தேனீ, பல்லுயிர் எல்லாம் பள்ளிக்கூட ஆசிரியர்களிடம் பேசும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

தீர்மான நகலைக் கையில் வாங்காமல் வேலையைத் தொடங்காதீர்கள். இழுத்தடித்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிக் கேட்கலாம், 30 நாளில் பதில் தரவேண்டும். பெரும்பாலும் அந்த மனுவைக் கையில் எடுத்துப்போய்க் காட்டினாலே நகல் வந்துவிடும்.

5. நகராட்சி, பள்ளி, கோயில்

நகரமென்றால் ஆணையருக்கு மனு, கூடவே உங்கள் வார்டு உறுப்பினர். அரசுப் பள்ளி வளாகமென்றால் தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானமும் போதும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் சிபாரிசு பள்ளிதான், சுற்றுச்சுவர் ஏற்கனவே இருக்கும். அறநிலையத் துறைக் கோயில் நிலமென்றால் செயல் அலுவலர் எழுத்து வேண்டும், பூசாரி சம்மதம் போதாது.

6. எந்தச் செடி, எது வேண்டாம்

முதல் ஆண்டுக்கு இவை போதும்: ஆவாரை, தும்பை, சிறுபூளை, கொழுஞ்சி, துத்தி, செம்முள்ளி. வேலியோரம் நொச்சியும் ஆடாதோடையும். இரண்டிலும் ஆடு வாய் வைக்காது.

நாட்டுச் செடி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் பல, வந்தேறிகள். நித்தியகல்யாணி மடகாஸ்கரிலிருந்து வந்தது. செண்டுமல்லி மெக்சிகோ பக்கத்தது. உண்ணிச்செடியின் பூ கண்ணைப் பறிக்கும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிக் காடுகளை அது எப்படி அடைத்திருக்கிறது என்று பார்த்தவர்கள் ஒரு குச்சியைக்கூட நட மாட்டார்கள். இணையத்தில் "காட்டுப்பூ விதைக் கலவை" என்று பாக்கெட்டில் விற்பதும் பெரும்பாலும் வெளிநாட்டுத் தோட்டப்பூதான்.

செங்காந்தள் மாநில மலர், அழகுக்குக் கேட்கவே வேண்டாம். ஆனால் கிழங்கும் விதையும் கொடிய விஷம். குழந்தைகள் புழங்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம். ஊமத்தையும் அப்படித்தான். நெருஞ்சி, வெறுங்காலோடு நடப்பவர்களுக்காக விலக்கு. எருக்கின் பால் கண்ணில் பட்டால் ஆபத்து; இருந்தாலும் பின்மூலையில் ஒன்று வையுங்கள், வெந்தய வரியன் பட்டாம்பூச்சி அதில்தான் முட்டையிடும். அதேபோல ஆவாரை இலையைப் பச்சைப் புழு தின்னும். அது வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சியின் குஞ்சு. யாராவது அக்கறையோடு மருந்தடிக்க வந்தால் தடுத்துவிடுங்கள்.

7. விதை சேர்ப்பது

விலைக்குக் கிடைப்பது அரிது. தை முதல் பங்குனி வரை வரப்பிலும் சாலையோரத்திலும் நீங்களே சேர்க்க வேண்டும். ஒரே செடியை உருவாமல், பல செடிகளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். பட்டா நிலமென்றால் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை. காப்புக்காட்டுக்குள் நுழைந்து எடுப்பது வனச்சட்டப்படி குற்றம், விதைதானே என்று வனக்காவலர் விடமாட்டார். நாட்டு மருந்துக் கடையில் வாங்கியதை நம்பி விதைக்காதீர்கள், பழசாகவோ சூடுபடுத்தி உலர்த்தியதாகவோ இருக்கும்.

ஆவாரங்காய் பழுப்பேறி, குலுக்கினால் சலசலக்கும்போது பறிக்கவும். தும்பையில் பூ உதிர்ந்த பின் காய்ந்த உருண்டையைத் தாளின் மேல் கவிழ்த்துத் தட்டினால் சின்னச் சின்னதாக விதை கொட்டும். செம்முள்ளிக் காய் நனைந்தால் வெடித்துச் சிதறும், மழைக்கு முந்தியே எடுங்கள். காகித உறையில் போட்டு, பெயரும் தேதியும் எழுதுங்கள். பிளாஸ்டிக் பையில் புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

8. நிலத்தைத் தயார் செய்வது

கட்டட இடிபாடு, பாட்டில் துண்டு எல்லாம் பொறுக்கி எடுத்த பிறகு மேலாக ஒரு கொத்து. ஆழ உழ வேண்டாம், அடியில் தூங்கும் களை விதை மேலே வந்துவிடும். எருவும் வேண்டாம். இவை ஏழை மண்ணில் பூப்பவை; எரு போட்டால் புல்தான் கொழிக்கும். அதோடு ஆட்டெருவில் சீமைக்கருவேல விதை உயிரோடு இருக்கும், ஆடு அதன் நெற்றைத் தின்றிருக்குமே. ஏரி வண்டல் கொட்டுவதும் அதே கதை.

கோடை மழை பெய்ததும் முளைக்கிற எல்லாவற்றையும் ஒருமுறை கொத்தி எடுங்கள். அடுத்த மழைக்கு இன்னொரு முறை. சலிப்பான வேலைதான். இதைத் தாண்டாமல் விதைத்தவர்கள் புரட்டாசியில் பார்த்தீனியத்துக்கும் தும்பைக்கும் வித்தியாசம் தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் வேரோடு பிடுங்குங்கள், கையுறையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். சிலருக்குத் தோல் அரிப்பும் இளைப்பும் வரும்.

9. விதைப்பு

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது இதற்கும் பொருந்தும். நம் மாவட்டங்களில் செப்டம்பர், அக்டோபரில்தான் மழை வலுக்கும். அதற்குள் செடி ஒரு சாண் ஆகிவிட்டால் பிழைத்துக்கொள்ளும்.

ஆவாரை, கொழுஞ்சி, துத்தி மூன்றும் கெட்டித் தோல் விதை. கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, விதை மேல் ஊற்றி, அப்படியே ஆறவிட்டு ஓர் இரவு வையுங்கள். காலையில் உப்பியிருப்பதை விதைக்கலாம், உப்பாததற்கு இன்னொரு முறை வெந்நீர். ஆவாரைக்கு நாலடி இடைவெளி, அரை அங்குல ஆழம், குழிக்கு மூன்று விதை. தும்பையையும் பூளையையும் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு மணல் கலந்து மேலாகத் தூவி, காலால் மிதித்துவிட்டால் போதும், மண் மூடக்கூடாது. நொச்சி குச்சி நட்டாலே துளிர்க்கும். உயரமானவை பின்னால், குட்டையானவை நடைபாதை ஓரம்.

எறும்பு விதையைத் தூக்கிப் போகும். கொஞ்சம் அதிகமாகவே தூவுங்கள், சண்டை போட வேண்டாம்.

10. வேலி, தண்ணீர், காசு

செலவில் பாதிக்கு மேல் வேலிதான். 5 சென்ட்டுக்குச் சுற்றளவு 190 அடி வரும். கல்காலுக்கு நம் பக்கம் பஞ்சமில்லை: பத்தடிக்கு ஒன்றாக 20 கால், ஒன்று 300 ரூபாய் வாக்கில். நாலடிக் கம்பி வலை 12,000 முதல் 15,000. நடுகூலி 3,000. இதெல்லாம் எங்கள் பக்கத்து விலை, உங்கள் ஊரில் ஏறலாம், இறங்கலாம். காசில்லையென்றால் பழையபடி முள் வேலி: சீமைக்கருவேல முள்ளை நெற்று இல்லாத சமயமாகப் பார்த்து வெட்டிப் போடுங்கள், ஒரு வருடம் தாங்கும். ஆடுகளைத் தடுக்க வேண்டியது முதல் இரண்டு வருடம்தான். அதற்குள் நொச்சி அடைத்துக்கொண்டால் வலையைக் கழற்றி விற்றுவிடலாம்.

தண்ணீர் விதைத்த முதல் மாதம் மட்டும், மழை ஏமாற்றினால். டிராக்டர் டேங்க் 700, 800 ரூபாய். ஒகேனக்கல் குடிநீர்க் குழாயில் ஹோஸ் மாட்டாதீர்கள். குடிக்க வைத்திருக்கும் தண்ணீரைப் பூச்செடிக்கு ஊற்றினால் ஊரே உங்களுக்கு எதிரி.

களைக்கு ஆள் விட்டால் நாள் கூலி 400 சுற்றி. நூறு நாள் வேலை ஆட்களை நம்பித் தேதி குறிக்காதீர்கள், வந்தால் லாபம். "நமக்கு நாமே" திட்டத்தில் மக்கள் பங்கு போக மீதியை அரசு தரும் என்பது உண்மைதான். 25,000 ரூபாய் வேலைக்கு மதிப்பீடு, ஒப்பந்தம் என்று அலைவதற்கு, ஊரில் ஐந்து பேரிடம் ஆளுக்கு ஐயாயிரம் வாங்குவது எளிது.

11. ஓரம் கட்டுங்கள், பலகை வையுங்கள்

இதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள், விதைத்த அன்றே செய்யுங்கள். கிரானைட் பட்டறைகளில் வெட்டி ஒதுக்கிய துண்டுக்கல் வண்டி வாடகைக்கே கிடைக்கும். அதை நட்டு நேராக ஒரு வரம்பு. நடுவில் இரண்டடிப் பாதை, அதில் புல் இருக்கக்கூடாது. பாதை சுத்தமாக இருந்தால் உள்ளே இருப்பது காடு மாதிரித் தெரிந்தாலும் யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்று கண்ணுக்குப் புரியும். பாம்புப் பயத்துக்கும் அந்தப் பாதைதான் பதில்.

துண்டுக்கல்லிலேயே பெயிண்டில் எழுதுங்கள், ஃபிளெக்ஸ் ஆடிக்காற்றில் கிழியும். "நாட்டுப் பூந்தோட்டம். வெட்ட வேண்டாம். ஊராட்சித் தீர்மான எண் …, நாள் …" இவ்வளவு போதும். தீர்மான எண் இருந்தால் ஜேசிபிக்காரர் ஒரு போன் போட்டுக் கேட்பார்.

12. முதல் ஆண்டில் எதிர்பார்க்க வேண்டியவை

கார்த்திகை, மார்கழியில் தும்பை வெள்ளையாக நிற்கும். ஆவாரை முதல் ஆண்டு இலையோடு நின்றுவிடலாம், கவலை வேண்டாம்.

போகியன்று விடிகாலையில் ஊரே வந்து பறிக்கும். பறிக்கட்டும், அதற்குத்தானே. பூளையை மட்டும் வேரோடு பிடுங்குவார்கள். முந்தின நாளே இரண்டு பேர் கத்தரிக்கோலோடு அறுத்துக் கட்டுக்கட்டாக வாசலில் வைத்துவிட்டால் உள்ளே யாரும் போகமாட்டார்கள். மூன்றில் ஒரு பங்கை விதைக்கு விட்டுவிடுங்கள்.

மாசி, பங்குனியில் எல்லாம் காய்ந்து, பார்க்கச் சகிக்காது. "தோட்டம் செத்துப் போச்சு" என்று பேச்சு வரும், பீடியைப் போட்டோ குப்பையைக் கொளுத்தியோ தீயும் வரும். விதை கொட்டி முடித்ததும் காய்ந்த தும்பைத் தண்டை அறுத்து அங்கேயே பரப்பிவிடுங்கள், சுற்றிலும் மூன்றடிக்குச் சருகைப் பெருக்கி எடுங்கள்.

செயலரோ தனி அலுவலரோ மாறினால், புதியவர் வந்த முதல் மாதத்திலேயே தீர்மான நகலோடு போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். தூய்மைப் பணியாளர்களையும் ஒருநாள் உள்ளே கூட்டிப்போய், எது களை, எது பட்டியலில் உள்ள செடி என்று தொட்டுக் காட்டிவிடுங்கள். ஆள் மாறும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.